பள்ளிக் கண்காட்சிக்கு டெஸ்லா: எந்த வரியை வைக்கலாம், எதைச் செய்து காட்டலாம்?

சாக்பீஸ்
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அறிவியல் கண்காட்சியில் நிக்கோலா டெஸ்லாவுக்கு ஓர் அரங்கு வைக்கிறார்கள். பேனருக்கு அவர்கள் எழுதிக் கொண்டுவந்த வரிகள் இவை:

ஏசி மின்சாரத்தைக் கண்டுபிடித்தவர்.
அவரைத் தோற்கடிக்க எடிசன் யானைக்கு ஷாக் கொடுத்துக் கொன்றார்.
ரேடியோ டெஸ்லாவுடையது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.
உலகத்துக்கே இலவச மின்சாரம் தர இருந்தார், பணக்காரர்கள் தடுத்துவிட்டார்கள்.

எதை வைப்பது, எதை நீக்குவது? ஒரு செய்முறையும் வேண்டும். உயர் வோல்ட்டில் பொறி பறக்கவிடும் டெஸ்லா காயில்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். கைவசம் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ் லைன், ஒரு மல்டிமீட்டர், மூவாயிரம் ரூபாய்.

பழையஃபியூஸ்
முதல் வரியை எடுத்துவிடுங்கள் டீச்சர். டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10, இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் கிராமத்தில். அதற்கு 24 ஆண்டுகள் முன்பே பாரிஸில் பிக்ஸி கையால் சுற்றும் காந்த ஜெனரேட்டரைச் செய்துவிட்டார். அதிலிருந்து வந்தது ஏசிதான், அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். ஊருக்கு விளக்கு எரியும் அளவுக்கு ஏசி வந்ததும் டெஸ்லாவால் இல்லை. 1885இல் புடாபெஸ்டின் கான்ஸ் கம்பெனி மூடிய இரும்பு வளையம் கொண்ட ட்ரான்ஸ்ஃபார்மரைச் செய்தது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூரில் வில்லியம் ஸ்டான்லி அதே முறையில் கடைத்தெருவுக்கு விளக்குப் போட்டார்.

அப்போது இல்லாதது மோட்டார். ஏசியில் விளக்கு எரிந்தது, ஆனால் தானாகக் கிளம்பி, பாரம் இழுத்து, நாள் முழுக்க ஓடக்கூடிய மோட்டார் யாரிடமும் இல்லை. ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரத்தின் மோட்டாருக்கு, சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கக் கம்யூட்டேட்டரும் கார்பன் பிரஷ்ஷும் வேண்டும். அவை பொறி தட்டும், தேயும். ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் படித்தபோது, கிராம் என்பவர் பெயரிலான டைனமோவின் பிரஷ்ஷில் பொறி பறப்பதைப் பார்த்து, இது இல்லாமல் ஓட்ட முடியாதா என்று டெஸ்லா கேட்டார். முடியாது என்று பேராசிரியர் பேர்ஷல் வகுப்பிலேயே விளக்கம் கொடுத்தார். விடை 1882இல் புடாபெஸ்டில் கிடைத்தது: இரண்டு காயில் ஜோடிகளைச் செங்குத்தாக வைத்து, கால் சுற்று முன்பின்னாக இரண்டு ஏசி கொடுத்தால், காயில் அசையாமலே காந்தப்புலம் சுழலும். நடுவில் உள்ள சுழலும் பகுதியான ரோட்டரில் மின்சாரம் தூண்டப்பட்டு, அந்தப் புலத்தின் பின்னாலேயே ரோட்டர் ஓடும். ரோட்டருக்கு ஒயரே வேண்டாம். பிரஷ்ஷும் வேண்டாம்.

பேனருக்கு: "சுழலும் காந்தப்புலத்தால் ஓடும் ஏசி மோட்டாருக்கு 1888 மே 1 அன்று காப்புரிமை பெற்றவர்." இதை யாரும் மறுக்க முடியாது.

தாமிரம்
காப்புரிமை என்பது சரி. "முதன்முதலில்" என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். இத்தாலியின் டூரின் நகரில் கலிலியோ ஃபெராரிஸ் 1885இலேயே இதே தத்துவத்தில் சிறு மோட்டார் ஓட்டினார். 1888 மார்ச்சில் டூரின் அகாதமியில் கட்டுரையும் வெளியிட்டார். நாம் இன்று கிணற்று மோட்டாரில் பார்க்கும் உருவம் டெஸ்லாவுடையதும் இல்லை. மூன்று ஃபேஸ், கூண்டு போல உலோகக் கம்பிகள் கொண்ட அணில்கூண்டு ரோட்டர் இரண்டையும் சேர்த்து உருப்படியாக்கியவர் ஜெர்மனியில் ஏஇஜி கம்பெனியின் டோலிவோ டோப்ரோவோல்ஸ்கி, 1889. இரண்டே ஆண்டில் லாஃபன் நீர்மின் நிலையத்திலிருந்து 175 கிலோமீட்டர் தள்ளி, பிராங்ஃபர்ட் கண்காட்சிக்கு மூன்று ஃபேஸில் மின்சாரம் கொண்டுவந்து காட்டினார்கள். டெஸ்லா அரங்கில் இவர்கள் பெயர் ஒரு மூலையிலாவது இருக்க வேண்டும்.

பழையஃபியூஸ்
இருக்கட்டும், ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. ஃபெராரிஸ் தன் கணக்கில், இந்த மோட்டார் பாதித் திறனைத் தாண்டாது, தொழிலுக்கு உதவாது என்று முடிவு கட்டிவிட்டார். டெஸ்லா 1887 அக்டோபர் முதலே விண்ணப்பங்களைப் போட ஆரம்பித்திருந்தார். மோட்டாருக்கு மட்டுமல்ல, ஜெனரேட்டர், ட்ரான்ஸ்ஃபார்மர், லைன் எல்லாம் சேர்ந்த முழு அமைப்புக்கும். 1888 மே 16 அன்று அமெரிக்க மின்பொறியாளர் கழகத்தில் பேசினார். ஜூலையில் ஏசி மின்சாரத் தொழில் நடத்திய அமெரிக்கர் வெஸ்டிங்ஹவுஸ் உரிமத்தை வாங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு பட்ட பாட்டைத்தான் யாரும் சொல்வதில்லை. வெஸ்டிங்ஹவுஸின் லைன் அப்போது 133 ஹெர்ட்ஸ், சிங்கிள் ஃபேஸ். விளக்குக்கு அது பிரச்சினை இல்லை. மோட்டாருக்குக் கணக்குப் போடுங்கள்: 120ஐ ஹெர்ட்ஸால் பெருக்கி, போல் (காந்த முனை) எண்ணிக்கையால் வகுத்தால் ஒத்தியங்கு வேகம், அதாவது புலம் சுழலும் வேகம். 4 போல் மோட்டாருக்கு 133 ஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 4000 ஆர்பிஎம் வரும். அன்றைய பேரிங்குக்கும் பெல்ட்டுக்கும் அது தாங்காது, இரும்பும் சூடேறும். டெஸ்லா 60 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றார். வெஸ்டிங்ஹவுஸின் பிட்ஸ்பர்க் பொறியாளர்களோ இருக்கும் லைனுக்கே மோட்டாரைப் பொருத்தப் பார்த்தார்கள். டெஸ்லாவின் மோட்டாருக்கு இரண்டு ஃபேஸ், ஊரில் அந்த லைனே கிடையாது. ஆக மோட்டார் கையில் இருந்தும் விற்க முடியவில்லை. 1890களில் அந்தக் கம்பெனிப் பொறியாளர்கள் சார்லஸ் ஸ்காட், பெஞ்சமின் லாம் இருவரும் வைண்டிங்கைப் பள்ளங்களில் பரப்பி, ரோட்டரை மாற்றி, 60 ஹெர்ட்ஸுக்கு வந்த பிறகுதான் அது கடைச்சரக்கு ஆனது.

அரைஎச்பி
டீச்சர், செய்முறைக்கு ஏன் அலையறீங்க? மேலே சொன்ன சுழலும் புலத்தையே காட்டிருங்க. ரீவைண்டிங் கடையில பழைய அரை எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார், ரோட்டர் கழட்டினது, எடைக்கு எடை கிடைக்கும். வைண்டிங் கருகாததா பாத்து வாங்குங்க. எனாமல் வாடை அடிச்சா வேண்டாம்னு வச்சிருங்க.

தேவை: ஸ்டேட்டர் (காயில் சுத்தின, அசையாத வெளிப்பகுதி) ஒண்ணு. 230க்கு 24 வோல்ட், 5 ஆம்ப் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு. கறுப்பு டப்பா ஸ்டார்டிங் கண்டன்சர் 100 மைக்ரோஃபாரட் ஒண்ணு. 5 ஆம்ப் ஃபியூஸ், பெல் புஷ் மாதிரி அமுக்கினா மட்டும் ஓடுற சுவிட்ச் (5 ஆம்ப் தாங்கணும்). அலுமினிய கூல்டிரிங்ஸ் கேன் ஒண்ணு.

ஸ்டேட்டரைத் துவாரம் மேல பாக்குற மாதிரி நிறுத்துங்க. அதுல ரெண்டு காயில் இருக்கும்: ஓட்டுறது ரன்னிங், கிளப்பி விடுறது ஸ்டார்டிங். 24 வோல்ட் நேரா ரன்னிங் காயிலுக்கு. அதே 24 வோல்ட் கண்டன்சர் வழியா ஸ்டார்டிங் காயிலுக்கு. ரெண்டு கரண்ட்டையும் முன்பின்னாக்குறது அந்தக் கண்டன்சர்தான். கேனோட அடிப்பக்கத்தை வெட்டி எடுத்துட்டு, மேல்தட்டுக்கு உள்பக்கம் நடுவுல சின்னக் குழி தட்டி, கம்பி ஊசி முனையில கவுத்து வையுங்க. கேனுக்கும் ஸ்டேட்டர் சுவருக்கும் நடுவுல நாலைஞ்சு மில்லிமீட்டர் இருந்தா நல்லது. கேன் 66 மில்லிமீட்டர் இருக்கும், துவாரம் அதைவிடச் சின்னதுன்னா அலுமினிய சென்ட் பாட்டிலை வெட்டிக்கலாம். சுவிட்சை அமுக்குங்க, ஒயரே தொடாத கேன் சுத்தும். கேனை எடுத்துட்டு ஒரு தட்டு வச்சு பேரிங் பால் ஒண்ணு போடுங்க. லேசா ஒரு தட்டுத் தட்டினா சுவரை ஒட்டி வட்டமடிக்கும். வைண்டிங் முடிச்சதும் கடைக்காரங்க பால் போட்டுத்தான் திசை பாப்பாங்க.

தாமிரம்
சிகாகோவில் 1893 கண்காட்சியில் டெஸ்லா காட்டியதே இதுதான். வளைய இரும்பில் காயில் சுற்றி, மேலே மரத்தட்டு வைத்து, தாமிர முட்டையைப் போட்டார். முட்டை படுத்தபடி சுழல ஆரம்பித்து, வேகம் ஏறியதும் எழுந்து முனையில் நிற்கும். "கொலம்பஸ் முட்டை" என்று பெயர். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் டெஸ்லா காயிலை மறந்துவிடுவார்கள்.

அரைஎச்பி சொல்லாமல் விட்டது: ரோட்டர் இல்லாத ஸ்டேட்டருக்கு 230 வோல்ட் கொடுக்கவே கூடாது. ரோட்டர் இருக்கும்போது காந்தப்புலம் தாண்ட வேண்டிய காற்றிடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடையாது. எடுத்துவிட்டால் துவாரம் முழுக்கக் காற்று. ஏசியைத் தடுக்கும் காயிலின் தன்மை (இண்டக்டன்ஸ்) பாதாளத்துக்குப் போய்விடும், கரண்ட் பல மடங்கு ஏறி, வைண்டிங் சில நொடிகளில் புகையும். 24 வோல்ட்டிலும் 30 நொடி ஓட்டி இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

முள்ளுக்கம்பி
மோட்டார் மூலவர்னா காயில் உற்சவர். கூட்டம் உற்சவர் பின்னாடிதான் போகும். ஏன் அதை ஒதுக்குறீங்க? 1891லயே காப்புரிமை வாங்கின சரக்கு. பேட்டரியில ஓடுற சின்னது செஞ்சா பெரிய ஆபத்து இல்ல.

20 மில்லிமீட்டர் பிவிசி பைப்பில் 32 கேஜ் எனாமல் கம்பி 300 சுற்று, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல். அதன் அடிப்பகுதியைச் சுற்றி தடித்த இன்சுலேஷன் ஒயர் 3 சுற்று. பிடி139 ட்ரான்சிஸ்டர் (பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்), ஹீட் சிங்க் கட்டாயம். பாசிட்டிவிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக பேஸுக்கு. தடித்த காயில் பாசிட்டிவுக்கும் கலெக்டருக்கும் நடுவில். மெல்லிய காயிலின் கீழ் முனை பேஸுக்கு, மேல் முனை சும்மா. எமிட்டர் நெகட்டிவுக்கு. ஒரு எல்இடியின் பாசிட்டிவ் கால் எமிட்டரில், நெகட்டிவ் கால் பேஸில். பேஸுக்குத் தலைகீழ் வோல்ட் ஏறாமல் அது காக்கும். 9 வோல்ட் கொடுத்து, பழைய சிஎஃப்எல் பல்பைக் கிட்டே கொண்டுபோனால் கையிலேயே எரியும்.

எரியலைன்னா பத்துக்கு எட்டு தடவை தடித்த காயிலோட ரெண்டு முனை மாறியிருக்கும். மாத்திக் கொடுங்க.

தாமிரம்
நல்ல செய்முறைதான், ஆனால் அதன் மேல் "டெஸ்லா காயில்" என்று அட்டை ஒட்டினால் கேள்வி வரும். டெஸ்லாவின் மின்சுற்றில் முதன்மைப் பக்கமும் (தடித்த காயில்) கண்டன்சரோடு சேர்ந்து ஒத்ததிர்வில் இருக்கும். பொறி தாண்டும் இடைவெளியான ஸ்பார்க் கேப் அதைத் தட்டிவிடும், இரண்டு பக்கமும் ஒரே அலைவரிசைக்கு ட்யூன் ஆகியிருக்கும். நீங்கள் சொன்னது பின்னூட்டத்தில் தானே அலையும் ஆசிலேட்டர். முதன்மையில் ட்யூனிங்கே கிடையாது.

உண்மையான ஸ்பார்க் கேப் காயில் பள்ளிக்கு வேண்டாம். முக்கியமாக, இணையத்தில் பார்த்துவிட்டு மைக்ரோவேவ் அடுப்பின் ட்ரான்ஸ்ஃபார்மரை யாராவது கொண்டுவந்தால் வாங்கிப் பூட்டி வையுங்கள். ஏறத்தாழ 2000 வோல்ட், அரை ஆம்பியருக்கு மேல் தரும். நியான் போர்டு ட்ரான்ஸ்ஃபார்மர் 30 மில்லி ஆம்பில் தன்னைத்தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், அதுவும் ஆபத்துதான். மைக்ரோவேவ் ட்ரான்ஸ்ஃபார்மருக்கு அந்தக் கட்டுப்பாடும் போதிய அளவில் இல்லை. உயர் வோல்ட் பக்கம் தனிச் சுற்று என்பதால் கசிவு கண்டால் லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபியும் காப்பாற்றாது.

முள்ளுக்கம்பி
அட்டையில "டெஸ்லா வழியில் ஒரு உயர் அலைவரிசைக் காயில்"னு எழுதிட்டாப் போச்சு.

இன்னொண்ணு: கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஆய்வகத்துல மின்னல் கொட்டுது, கீழே டெஸ்லா நாற்காலியில சாவகாசமா குறிப்பு எழுதுறாரே, அந்தப் படம் கண்டிப்பா பேனருக்கு வரும். அது ரெண்டு தடவை எக்ஸ்போஸ் பண்ணின படம். பொறி தனியா, ஆள் தனியா. டெஸ்லாவே ஒத்துக்கிட்டது. படத்துக்கு அடியில ஒரு வரி போட்டுருங்க.

பழையஃபியூஸ்
மற்ற மூன்று வரிகள்.

யானை: டாப்ஸி என்ற அந்த யானை கோனி ஐலண்டில் 1903 ஜனவரி 4 அன்று கொல்லப்பட்டது. கொல்ல முடிவு செய்தவர்கள் அங்கிருந்த பொழுதுபோக்குப் பூங்காக்காரர்கள். எடிசன் பெயர் கொண்ட கம்பெனி படம் பிடித்தது, அவ்வளவுதான். டிசி விற்ற எடிசனுக்கும் ஏசி விற்ற வெஸ்டிங்ஹவுஸுக்கும் நடந்த சண்டை அதற்குப் பத்தாண்டு முன்பே முடிந்துவிட்டது. 1892இல் எடிசன் கம்பெனி இணைந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது, அதுவும் ஏசி விற்றது. எடிசன் தரப்பு ஏசியைப் பழிக்கப் பிராணிகளைக் கொன்று காட்டியது 1888இல். நாய், கன்று, குதிரை. அதில் குறி வெஸ்டிங்ஹவுஸ், டெஸ்லா அல்ல. டெஸ்லா எடிசனிடம் வேலை பார்த்தது 1884 ஜூன் தொடங்கி ஆறு மாதம் போல. இருவரையும் ஜென்ம விரோதிகளாக்கியது பிற்காலக் கதை.

ரேடியோ: 1943 ஜூன் 21 தீர்ப்பு. டெஸ்லா அந்த ஜனவரி 7 அன்றே நியூயார்க்கர் ஹோட்டல் அறையில் இறந்துவிட்டார். முதல் உலகப்போரில் தன் காப்புரிமையைப் பயன்படுத்தியதற்காக அமெரிக்க அரசிடம் ரேடியோ முன்னோடி மார்க்கோனியின் கம்பெனி இழப்பீடு கேட்ட வழக்கு அது. நான்கு மின்சுற்றுகளை ஒரே அலைவரிசைக்கு ட்யூன் செய்வது பற்றிய ஒரு காப்புரிமையை நீதிமன்றம் செல்லாதென்றது. காரணம் ஆலிவர் லாட்ஜ், டெஸ்லா, ஸ்டோன் மூவரின் முந்தைய வேலை. ரேடியோவைக் கண்டுபிடித்தவர் யார் என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லவே இல்லை. "கம்பியில்லா ட்யூனிங்கில் டெஸ்லாவின் பங்கு முந்தையது" என்பது வரை எழுதலாம். அதைவிட 1898இல் நியூயார்க்கில் ரேடியோவால் இயங்கும் படகை ஓட்டிக் காட்டினாரே, அதைப் போடுங்கள்.

இலவச மின்சாரம்: கம்பியில்லாமல் அனுப்ப டெஸ்லா எழுப்பிய வார்டன்கிளிஃப் கோபுரம், 57 மீட்டர், கட்டத் தொடங்கியது 1901. வங்கியாளர் ஜே.பி. மார்கன் கொடுத்த 1,50,000 டாலர் அட்லாண்டிக் தாண்டிச் செய்தி அனுப்புவதற்கு. அதே ஆண்டு டிசம்பரில் மார்க்கோனி அதைச் செய்துவிட்டதாக அறிவித்தார். டெஸ்லா திட்டத்தைப் பெரிதாக்கி, மின்சக்தியே அனுப்பலாம் என்று கூடுதல் பணம் கேட்டார். மார்கன் மறுத்தார். சதி என்று சொல்ல இதில் ஒன்றுமில்லை, கேட்டது ஒன்று, கட்ட ஆரம்பித்தது இன்னொன்று. கோபுரம் 1917இல் இடிக்கப்பட்டது. சக்தியை அவர் நினைத்தபடி உலகம் முழுக்க அனுப்ப முடியும் என்று அவரோ பிறகு வேறு யாரோ நிரூபிக்கவில்லை.

காலியாகும் இடத்துக்கு நயாகரா நீர்மின் திட்டம். அங்கிருந்த ஆடம்ஸ் நிலையத்தில் ஒவ்வொன்றும் 5000 குதிரைத்திறன் ஜெனரேட்டர்கள், டெஸ்லாவின் இரண்டு ஃபேஸ் முறை, 25 ஹெர்ட்ஸ். 1896 நவம்பர் 16 அன்று மின்சாரம் பஃபலோ நகரத்தை எட்டியது. லைன் மட்டும் மூன்று ஃபேஸ், 11,000 வோல்ட். இரண்டை மூன்றாக்கும் ட்ரான்ஸ்ஃபார்மர் இணைப்பு மேலே சொன்ன சார்லஸ் ஸ்காட்டுடையது.

தாமிரம்
விவேகானந்தர் டெஸ்லாவைச் சந்தித்தது பற்றியும் யாராவது கேட்பார்கள். 1896இல் நியூயார்க்கில் சந்தித்தது உண்மை. பொருளும் விசையும் ஒரே நிலையாற்றலுக்குள் அடங்கும் என்று கணக்கால் காட்ட முடியும் என டெஸ்லா கருதுவதாகச் சுவாமி கடிதத்தில் எழுதியிருக்கிறார். டெஸ்லா அப்படி எதையும் வெளியிடவில்லை. மோட்டாருக்கும் வேதாந்தத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம், மோட்டார் எட்டு ஆண்டு முந்தையது.

சாக்பீஸ்
ஸ்டேட்டர் வந்துவிட்டது. மூன்று ஒயர்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. மீட்டரில் சிவப்பு-கறுப்பு 6 ஓம், மஞ்சள்-கறுப்பு 14 ஓம், சிவப்பு-மஞ்சள் 20 ஓம். பழைய சீலிங் ஃபேன் கண்டன்சர் 2.5 மைக்ரோஃபாரட் இருந்தது, அதைப் போட்டோம். கேன் லேசாக நடுங்குகிறது, சுற்றவில்லை. சுற்றினால் திசையை மாற்றியும் காட்ட ஆசை.

அரைஎச்பி
அதிகமா 20 காட்டுற ரெண்டும் ரெண்டு காயிலோட கடைசி முனைங்க. மிச்சமிருக்கிற கறுப்புதான் காமன். கம்மி ஓம் காட்டுற சிவப்பு ரன்னிங், 14 காட்டுற மஞ்சள் ஸ்டார்டிங். ஒயர் கலரை நம்பாதீங்க, கடைக்குக் கடை மாறும்.

2.5 பத்தவே பத்தாது. 50 ஹெர்ட்ஸ்ல அது 1270 ஓம் மாதிரி நிக்கும். 24 வோல்ட்டுக்கு 20 மில்லி ஆம்ப்கூட வராது, ஸ்டார்டிங் காயில் செத்த மாதிரிதான். 100 மைக்ரோஃபாரட்னா 32 ஓம், அப்பதான் அரை ஆம்புக்கு மேல போகும். கடையில கேக்கும்போது மோட்டார் ஸ்டார்டிங் கண்டன்சர்னே கேளுங்க. ஆம்ப்ளிஃபையர்ல இருக்கிற பிளஸ் மைனஸ் போட்ட கண்டன்சரை மாட்டினா ஏசியில வெடிச்சிரும். கழட்டினதும் ரெண்டு காலையும் ஒரு பல்பு வச்சு டிஸ்சார்ஜ் பண்ணிட்டுத் தொடுங்க.

திசை மாத்த 24 வோல்ட் ஒயரைத் திருப்பிப் போட்டா ஒண்ணும் ஆகாது, ரெண்டு காயிலும் சேந்து திரும்பிரும். கறுப்பு ஜாயின்ட்டை ஸ்லீவுக்குள்ள பிரிச்சு நாலு முனையா எடுத்து, ஸ்டார்டிங் காயிலோட ரெண்டு முனையை மட்டும் மாத்தணும். பிரிக்கப் பயமா இருந்தா இன்னொரு வழி: கண்டன்சரை மஞ்சள்ல இருந்து எடுத்து சிவப்புப் பக்கம் போட்டு, மஞ்சளுக்கு நேரா லைன் கொடுங்க. அதுவும் எதிர்த்திசைதான், ஆனா காயில் ரெண்டும் ஒரே கேஜ் இல்லாததால இழுவை வேற மாதிரி இருக்கும்.

இரும்பு டப்பாவை வச்சுப் பாக்கணும்னு பசங்க கேப்பாங்க. வையுங்க, ஒரு பக்கமா இழுத்து சுவர்ல ஒட்டிக்கும்.

தாமிரம்
24 வோல்ட்டை, வோல்ட்டைத் திருகிக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஸ்டாட்டிலிருந்து எடுக்காதீர்கள், அதில் ஒரு முனை நேராக லைனோடு சேர்ந்தே இருக்கும். இரண்டு தனி வைண்டிங் உள்ள ட்ரான்ஸ்ஃபார்மர்தான் வேண்டும். ஸ்டேட்டர் உடலுக்குத் தனி எர்த் கொடுங்கள்.

சாக்பீஸ்
100 மைக்ரோஃபாரட் போட்டதும் கேன் சுற்றுகிறது. நன்றி. புலம் எவ்வளவு என்று அளக்க முடியுமா? ஒரு பையன் போனில் காந்தமானி ஆப் வைத்துக் காட்டுகிறான், எண் தாறுமாறாகக் குதிக்கிறது.

பழையஃபியூஸ்
போன் சென்சார் பூமியின் காந்தத்தைப் பார்க்கச் செய்தது. நொடிக்கு 50 முறை புரளும் புலத்தை அதனால் பிடிக்க முடியாது, அளவும் அதன் வரம்பைத் தாண்டியிருக்கலாம். தள்ளி வையுங்கள்.

20 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைப் துண்டில் மெல்லிய எனாமல் கம்பி 100 சுற்று சுற்றி, இரண்டு முனையையும் முறுக்கி மல்டிமீட்டரின் ஏசி மில்லிவோல்ட்டில் கொடுங்கள். இந்த அளவுக்கு, 50 ஹெர்ட்ஸில், ஒவ்வொரு 10 மில்லிவோல்ட்டும் 1 மில்லி டெஸ்லா. அந்த அலகுக்கு 1960இல் அவர் பெயரை வைத்தார்கள். மருத்துவமனை எம்ஆர்ஐ 1.5 அல்லது 3 டெஸ்லா. உங்கள் ஸ்டேட்டரில் சில மில்லி டெஸ்லாதான் வரும்.

கேனை எடுத்துவிட்டு, இந்தக் காயிலைத் துவாரத்தின் நடுவில் பக்கவாட்டாகப் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். கண்டன்சரைக் கழற்றி ரன்னிங் காயில் மட்டும் இருந்தால், ஒரு கோணத்தில் எண் உச்சத்துக்குப் போய், 90 டிகிரி தள்ளி பூஜ்யத்தருகே விழும். அங்கே புலம் முன்னும் பின்னும் துடிக்கிறது, சுழலவில்லை. கண்டன்சரை மாட்டியதும் எந்தக் கோணத்திலும் எண் பூஜ்யத்துக்கு இறங்காது. எல்லாக் கோணத்திலும் சமமாக இருந்தால் புலம் சரியான வட்டம். ஒரு பக்கம் 50, குறுக்கே 20 என்று வந்தால் நீள்வட்டம். அப்போது 80, 100, 120 மைக்ரோஃபாரட் என்று மாற்றிப் பாருங்கள், இரண்டு எண்ணும் எதில் நெருங்குகிறதோ அதில் கேன் நன்றாக இழுக்கும்.

அரைஎச்பி
120 போட்டா ஸ்டார்டிங் காயிலைத் தொட்டுப் பாத்துக்கிட்டே இருங்க. கை வைக்க முடியாத சூடுன்னா திரும்ப 80க்கு வந்துருங்க.